கஞ்சி போட்ட கட்டு

அந்தச் சனிக்கிழமைக்கு நான் போட்ட திட்டத்தில் ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில் வந்தது, கட்டிக்கொண்டு போன சோறு கெடவில்லை, மழை பெய்யவில்லை, போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்து சேர்ந்தோம். காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கியதுவரை எல்லாம் நான் எழுதிவைத்தபடியே நடந்தது. நாசமாய்ப் போன திட்டம் அது.

இரண்டாவது யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் ராஜபாளையத்தில் ஒரு தறிக்கொட்டடியில் பாவுக்குக் கஞ்சி போடுகிறவனாக இருந்தேன். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். கஞ்சி குடித்து விறைத்தால்தான் அது அறுந்துபோகாமல் நெய்ய வரும். எங்கள் கொட்டடியில் நெய்தது காயத்துக்குக் கட்டுகிற துணி. வலை மாதிரி இருக்கும், ஊதினால் பறக்கும். தறியிலிருந்து இறக்கியதும் அதை வேகவைத்து, கஞ்சி போக அலசி, வெளுத்து, சுருட்டிப் பெட்டி பெட்டியாகப் பட்டாளத்துக்கு அனுப்புவார்கள். வேகவைப்பதும் அலசுவதும் வேறு ஆட்களுடைய வேலை. என் வேலை கஞ்சி போடுவதோடு சரி. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அரிசிக்கு நாய் படாத பாடு பட்ட அந்த நாளில் வெறும் மரவள்ளிக் கிழங்கு மாவை வைத்துக்கொண்டே நூலை ஈர்க்குச்சியாக நிறுத்துவேன். என் கஞ்சிக்குத் தறிக்காரர்கள் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு புட்பால் டீம் இருந்தது. பூட்ஸ் எல்லாம் கிடையாது, பதினொரு பேரும் வெறுங்கால்தான். கணுக்காலைச் சுற்றி, உள்ளங்காலையும் சேர்த்து, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொள்வார்கள். கட்டி முடித்ததும் காப்டன் ஒவ்வொருவர் காலிலும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவார். துணி நனைந்து இறுகிக் கணுக்காலைக் கவ்விக்கொள்ளும். தண்ணீர் ஊற்றாமல் எங்கள் டீம் ஒரு நாளும் மைதானத்தில் இறங்கியதில்லை. எனக்குப் பந்து ஆட வராது, நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் ஆட்டம் எந்த ஊரில் நடந்தாலும் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போய், மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிற கூட்டத்துக்கு நான்தான் தலை. எப்போது கிளம்புவது, எங்கே சாப்பிடுவது, எந்தப் பக்கம் நிற்பது, எல்லாவற்றையும் நூல் கட்டு சுற்றி வருகிற நீலக் காகிதத்தில் பென்சிலால் எழுதி மடித்து இடுப்பில் செருகிக்கொள்வேன். முடிவெட்டுகிற சேக்காளி ஒருவன் எனக்கு உண்டு. அந்தக் காகிதத்தைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"ஏலே, கொல்லைக்குப் போறதுக்கும் நேரம் எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன். நீ ரயிலத் தவற விடாம வந்து சேரு."

என் தம்பி அந்த டீமில் பேக் ஆடினான். கோலுக்கு முன்னால் நின்று, வருகிற பந்தையெல்லாம் மறித்துத் திருப்பி அனுப்புகிற இடம் அது. உயரமில்லை, ஆனால் அவனைத் தாண்டிப் போவது லேசில்லை. அவனுக்கு வேறு வேலை கிடையாது என்பதுதான் எங்கள் வீட்டுத் துக்கம். ஒரு வருஷமாக மில் வாசலில் போய் நின்று பார்த்துவிட்டான். உள்ளே எடுக்க வேண்டுமென்றால் சிபாரிசுக்கு ஆள் வேண்டும். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? கடைசியில் ஒருநாள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற ஹவில்தாரிடம் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னான்.

அம்மா நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். அரிவாள்மனையை மடித்து வைத்தாள். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முந்தின யுத்தத்தில் எங்கள் அப்பா பஸ்ராவுக்குப் போனார். தம்பி அப்போது அம்மா வயிற்றில் இருந்தான். அப்பா திரும்பி வரவில்லை. அவர் முகம் எனக்கே மங்கல்தான், தம்பிக்கு அதுவும் கிடையாது.

இந்த நேரத்தில்தான் ஒரு சேதி வந்தது. ஊரிலிருந்த ஒரு மில்லின் டீமில் பேக் ஆடியவன் பட்டாளத்துக்குப் போய்விட்டான், அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று. பந்து ஆடத் தெரிந்தவனை மில்லுக்குள் வேலைக்கே எடுத்துக்கொள்வது அப்போது வழக்கம். அந்த மில் மேஸ்திரி, சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் டீம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க வருவதாக எங்கள் காப்டனிடம் சொல்லியனுப்பியிருந்தார். பையன் ஆட்டம் பிடித்தால் திங்கட்கிழமை காலையில் மில் வாசலுக்கு வரலாம். ஹவில்தார் வரச் சொல்லியிருந்ததும் அதே திங்கட்கிழமைதான்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏலே பெரியவனே, உன் திட்டம் பெரிய திட்டம்னு எல்லாரும் பேசிக்கிடுதாகளே. எம்பிள்ளைய இங்க நிப்பாட்ட ஒரு திட்டம் போடு பாப்போம்."

போட்டேன். நாலு நாள் அதே வேலையாக இருந்தேன். என்ன சாப்பிட வேண்டும், எப்போது காலுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும், எத்தனை எலுமிச்சம்பழம், ரயிலில் எந்தப் பெட்டி, மேஸ்திரி உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் கூட்டம் நின்று தம்பி பந்தைத் தொடும்போதெல்லாம் எப்படிச் சத்தம் போட வேண்டும், அத்தனையும் எழுதினேன். எழுதிக்கொண்டே வரும்போதுதான் கால்கட்டுத் துணி ஞாபகத்துக்கு வந்தது. தம்பியின் வேட்டிக் கிழிசல் நைந்து நார் நாராகக் கிடந்தது. யுத்தத்தில் துணி கிடைக்காத காலம், கிழிப்பதற்கு வீட்டில் இன்னொரு வேட்டி இல்லை. முதலாளியிடம் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றேன். வெளுத்துச் சுருட்டியது பூட்டுக்குள் இருந்தது, அதைத் தொடக்கூடாது. தறி ஓரத்தில் மிச்சம் விழுந்த துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நல்ல மனுஷன். பதினொரு பேருக்கும் காணுகிற அளவுக்குத் துணி. ஆனால் வலைத் துணி இல்லையா, பாவில் கஞ்சி இருந்தும் கையில் எடுத்தால் தொளதொளவென்று கிடந்தது. இதைக் கட்டிக்கொண்டு எப்படி ஆடுவது? எனக்குத் தெரிந்த வைத்தியம் உலகத்தில் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மத்தியானமே கிழங்கு மாவைக் கெட்டியாகக் காய்ச்சி, துணியை அதில் முக்கி எடுத்துக் கொடியில் காயப்போட்டேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் அட்டை மாதிரி நின்றது. தட்டினால் சத்தம் கேட்டது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா? இதக் கட்டுனா உன் கணுக்கால் எந்தப் பக்கமும் மடங்காது."

அவன் துணியை மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "நல்லாருக்குண்ணே," என்றான்.

சனிக்கிழமை விடிந்தது. மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்தோம். அம்மா வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். ஆமென் சொன்ன பிறகும் கண்ணைத் திறக்காமல் செத்த நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு ஊறவைத்த கடலையும் இரண்டு முட்டையும் கொடுத்தாள். எனக்குப் பழைய கஞ்சி. ஒன்பது மணிக்கு அவன் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட்டேன், பத்துக்குச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். புளிச்சோற்றை இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டோம். பஸ்ஸை நான் திட்டத்தில் சேர்க்கவே இல்லை. பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடின பஸ்கள் அவை, பாதி வழியில் இறங்கித் தள்ளச் சொல்லுவான். ரயில் நேரத்துக்கு வந்தது. நான் எழுதின பெட்டியிலேயே எல்லோருக்கும் இடம் கிடைத்தது. "ஏய், இவன் ரயில்காரனுக்கும் காயிதம் அனுப்பியிருக்கான்லே!" என்று சேக்காளி டின்னைத் தட்டிக் கூத்தடித்தான். தம்பிகூடச் சிரித்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எல்லாம் கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பள்ளிக்கூட மைதானத்துக்கு நடந்தோம். அதன் ஓரத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அங்கே சோற்றைப் பிரித்தோம், தம்பிக்கு அரை வயிறுதான் கொடுத்தேன். மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் மலையில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் மழை வருகிற மேகம் இல்லை. மூன்றரைக்கு மேஸ்திரி வந்தார். தெலுங்கு பேசுகிறவர், வெள்ளை வேட்டி, கையில் குடை. கூட ஒரு ஆள். கோபுரம் தெரிகிற பக்கத்துக் கோலுக்கு அருகில் பெஞ்சு போட்டிருந்தார்கள், நான் கணக்குப் போட்டபடியே அதில்தான் உட்கார்ந்தார்.

துணிச் சுருள்களை எடுத்துக் கொடுத்தபோது டீமே வாயைப் பிளந்தது. எங்கள் காப்டன் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார், லேசில் யாரையும் மெச்சாதவர். "அடேயப்பா, ஆஸ்பத்திரிக் கட்டுல்லா இது!" என்றார். தம்பிக்கு நானே உட்கார்ந்து கட்டிவிட்டேன். உள்ளங்காலைச் சுற்றி, கணுக்காலைச் சுற்றி, மேலே ஏற்றி முடிச்சுப் போட்டேன். அவன் எழுந்து நின்று காலைத் தரையில் தட்டிப் பார்த்தான். பலகையாக நின்றது.

நாலேகாலுக்குக் காப்டன் தண்ணீர் ஊற்றினார்.

என் திட்டத்தில் தண்ணீர் இருந்தது. "நாலேகால், தண்ணீர், இரண்டு குடம்" என்று என் கையால் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடக் கிணற்றில் இறைத்துக்கொண்டு வந்து வைத்ததும் நான்தான். கஞ்சியும் என் திட்டத்தில் இருந்தது. இரண்டும் ஒரே காகிதத்தில், நாலு வரி மேலும் கீழுமாக இருந்தன. வாழ்நாளெல்லாம் கஞ்சியோடு கிடந்தவனுக்கு, கஞ்சித் துணியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை. அதை அலசுகிற வேலை வேறு ஆளுடையது என்று என் மண்டை அதோடு நின்றுவிட்டது. இதை எத்தனை தடவை நினைத்திருப்பேன்! நினைக்கும்போதெல்லாம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

விசில் ஊதிப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கட்டு ஊறி வழவழவென்று ஆகி, கணுக்காலிலிருந்து நழுவிக் குதிகாலுக்கு வந்தது. உள்ளங்காலுக்கு அடியில் கூழ். எங்கள் ஆட்கள் ஓடத் திரும்பினால் வழுக்கினார்கள், உதைக்கக் காலைத் தூக்கினால் நின்ற கால் நகர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கும்மாளம் போட்டார்கள். "ஏலே, ராஜபாளையத்துக்காரவுக வெண்டைக்காயில நடக்காகடா!" என்று எவனோ கத்தினான். எங்கள் பக்கம் டின் சத்தம் நின்றுபோனது. தம்பி மட்டும் எப்படியோ குனிந்து, கையை ஊன்றி, விழுந்து எழுந்து, பாதி ஆட்டம்வரை கோல் விழாமல் காப்பாற்றினான். மேஸ்திரி குடையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி ஆட்டத்தில் எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு நான் நின்றேன், ஒருவரும் வாங்கவில்லை. காப்டன் உட்கார்ந்து கட்டை இழுத்தார். அதற்குள் மண் ஒட்டி ஓரமெல்லாம் காய்ந்து தோலை அறுத்திருந்தது. சேக்காளியிடம் சவரக்கத்தி இருந்தது, வாங்கி அறுத்து எறிந்தார். விரலில் ஒட்டியதை மோந்து பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார்.

"கஞ்சியா?"

தலையை மட்டும் ஆட்டினேன். கத்தி கைமாறியது. பத்துப் பேரும் அறுத்து அறுத்து எறிந்தார்கள். ஈரத் துணி என் காலடியில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. எங்கள் கூட்டத்துக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் சேக்காளி கத்தியைத் தம்பியிடம் நீட்டினான்.

தம்பி வாங்கவில்லை. "இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் செய்யல," என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

இந்த இடத்தைத்தான் நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. அந்தக் கட்டு அவன் காலில் எப்படிக் கிடந்தது என்று எனக்குக் கண் இல்லையா? எனக்குத் தெரியும். "அவுத்து எறிலே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அறுத்திருப்பான். நான் சொல்லவில்லை. பத்துப் பேர் கழற்றி எறிந்ததில் என் மானம் போயிருந்தது, அவன் ஒருவனாவது கட்டியிருக்கிறானே என்று ஆறுதலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு எதையாவது சொன்னால் அது பொய். எலுமிச்சம்பழத் துண்டு ஒன்றை அவன் கையில் கொடுத்தேன்.

இரண்டாவது பாதியில் மற்றவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். வெறுங்கால் மண்ணைப் பிடித்தது. தம்பிக்குத்தான் கட்டு ஒரு பக்கம் காய்ந்து, ஒரு பக்கம் ஊறி, காலில் செருப்பு அவிழ்ந்து கிடப்பதுபோல இழுத்தது. ஆட்டம் முடியச் செத்த நேரம் இருக்கும்போது ஒரு நீளப் பந்து வந்தது. அதை மறிப்பது அவனுக்குத் தூக்கத்தில்கூட முடிகிற காரியம். கோபுரம் பக்கத்துக் கோல், மேஸ்திரிக்கு நேர் முன்னால். தம்பி திரும்பினான். உள்ளங்கால் துணி சுருண்டு விலகியது, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டு உள்ளே போயிற்று. வேகமாகக்கூடப் போகவில்லை.

மேஸ்திரி கூட வந்த ஆளிடம், "வீடு ஜாருத்தாடுரா," என்றார். எங்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள், எனக்கு நன்றாகவே புரியும். இவன் வழுக்குகிறவன் என்று சொன்னார். எழுந்து வேட்டியில் ஒட்டின தூசியைத் தட்டினார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். விசில் ஊதக்கூடக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் அவர் காலில் விழுந்து, "தப்பு என்னோடது சாமி, அவனுடைய காலைப் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஜெயித்தாலும் தோற்றாலும் ஆறரைக்குப் பால்கோவா வாங்குவதாகத் திட்டத்தில் எழுதியிருந்தேன். "எழுதியிருக்கேல்லா, போயி வாங்கு," என்றான் சேக்காளி. அவன் குரலில் கேலி இல்லை. வாங்கினேன். ரயிலில் ஒருவரும் தொடவில்லை. தம்பி எனக்கு எதிர்ப் பலகையில் உட்கார்ந்து, நகத்தால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். தோலோடு ஒட்டியிருந்தது. வன்னியம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், "தம்பி, என்ன காயம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, பந்து ஆடுனேன்," என்றான்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். தம்பிதான் பால்கோவாவை அவள் கையில் வைத்துவிட்டுச் சொன்னான். "கால் வழுக்கிட்டும்மா. என் கவனக்கொறதான்." துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு அவனோடு நான் மட்டும் போனேன். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அவன் கையில் ஒரு பை, காலில் புண் ஆறாமல் லேசாக நொண்டினான். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏலே, என்னய மன்னிச்சிருலே. அந்தக் கஞ்சி..."

"கஞ்சின்னு எனக்கு வெள்ளிக்கெழமையே தெரியும்ணே. மோந்து பாத்தேம்லா? தண்ணி ஊத்துனா கரையும்னும் தெரியும். நீ அம்புட்டுத் திட்டம் போட்டு வச்சிருந்த. எப்படிச் சொல்ல?" ரயில் வருகிற பக்கம் பார்த்தான். "பாதி ஆட்டத்துல நீயே அவுக்கச் சொல்லுவேன்னு பாத்தேன்."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டான். "அம்மையப் பாத்துக்கோ. நான் வாரேன்," என்றான். போறேன் என்று சொல்லக்கூடாது என்பதற்காக எல்லோரும் சொல்லுகிற வாரேன்தான் அது.

மூன்று கடுதாசி வந்தது. எந்த ஊரிலிருந்து எழுதுகிறான் என்பதை பட்டாளத்தார் மையால் அடித்து மறைத்திருந்தார்கள். நாலாவது சர்க்கார் காகிதம். நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அஸ்ஸாம் பக்கத்தில் காலில் காயம்பட்டு, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து, புண் புரையோடி இறந்துபோனான் என்று இருந்தது.

அம்மா அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கஞ்சிக் கதை அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். நான் எந்தக் கொட்டடியில் வேலை பார்க்கிறேன், அந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏலே பெரியவனே, அவன் காயத்துக்கு நம்ம ஊர்த் துணியத்தான் கட்டியிருப்பாவளோ?"

"இருக்கும்மா."

"கஞ்சி போக நல்லா அலசுன துணிதானே கட்டியிருப்பாவ?"

"ஆமாம்மா, அலசித்தான் கட்டியிருப்பாவ," என்று சொன்னேன்.